பிள்ளையின் துயரைப் பெருக்குவோர் யார்?

பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளையின் வாழ்வு அத்துடன் பாழாயிற்று என முடிவு கட்டுவோர் நம்மிடையே பலர். இம்முடிவு தவறானது, தீங்கானதுமாகும். அமெரிக்க அறிஞர் மூவர் 45 ஆய்வுகளை ஒப்பிட்டு 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, பாதிப்பின் அளவு பிள்ளைக்குப் பிள்ளை பெரிதும் வேறுபடுவதைக் காட்டியது. ஆய்வு நடந்த வேளையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரிடம் நோய்க்குறி எதுவும் காணப்படவில்லை.

துயரை மிகுவிப்பவை எவை? குற்றவாளி பிள்ளைக்கு நெருங்கியவனாயிருத்தல், கொடுமை நெடுநாள் நீடித்தல், அடிக்கடி நிகழ்தல், பலவந்தம், தாயின் ஆதரவின்மை என்பனவாம். முதல் நான்கையும் நிகழ்ந்தபின் எவராலும் மாற்றவியலாது. ஐந்தாவது நம் கையில் உள்ளது.

“மானம் போய்விடும்” என்று பிள்ளையின் வாயை அடைக்கும் குடும்பம் குற்றவாளிக்கே அரணாகின்றது. தெஹிவளையின் மாடிவீட்டிலும் வன்னியின் வயலோரக் குடிலிலும் இம்மௌனம் ஒன்றே.

இனி, நீதிமன்றம். பன்முறை சாட்சி சொல்ல நேர்ந்த பிள்ளைகளும் தாயின் துணையற்ற பிள்ளைகளும் தேறுவதில் பின்தங்கினர் என்பதைக் கெயில் குட்மன் குழுவினரின் 1992ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று. நம் நாட்டில் 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்திப் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகத்தைத் தனிக்குற்றமாக்கியது. 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் பிள்ளையின் கூற்றை ஒளிப்பதிவு செய்து சான்றாக ஏற்க வழிசெய்தது. சட்டம் ஏட்டில் இருந்தாற் போதாது. ஒவ்வொரு வழக்கிலும் அது பயன்படுதல் வேண்டும். ஆண்டுக்கணக்கில் தவணையிடப்படும் வழக்கு, ஆறிவரும் புண்ணை மீண்டும் மீண்டும் கீறுவதாகும்.

மொழியுரிமையும் இங்கே வந்து நிற்கின்றது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. தலைநகரின் பொலிஸ் நிலையமொன்றில் தமிழ்ப் பிள்ளை தன் வேதனையைப் பிறர் மொழிபெயர்ப்பில் சொல்ல நேர்ந்தால், அவ்வுரிமையின் பொருள் யாது? தமிழறிந்த பெண் அதிகாரி முன் ஒருமுறை சொல்லி முடிக்கும் வாய்ப்பே நாம் கோருவது.

மருத்துவர்களே, ஆசிரியர்களே, சட்டத்தரணிகளே, கமக்காரப் பெருமக்களே! பிள்ளை சொன்னால் நம்புங்கள். பழி உன்மேல் இல்லை என்று கூறுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கத்திற்கு அறிவியுங்கள். குற்றவாளி உறவினனாயினும், ஊர்ப் பெரியவனாயினும் தயங்காதீர்கள். பிள்ளையின் நாளைய வாழ்வு இன்று நாம் அதனிடம் காட்டும் பரிவில் தங்கியுள்ளது.