பிளந்த அன்னமும் பேசும்!

கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது திருமழபாடி. அரியலூர் மாவட்டத்து ஊர். இங்கே கோயில் கொண்டிருக்கும் சிவபெருமானின் பெயர் வைத்தியநாதர். வைத்தியர்களுக்கெல்லாம் தலைவர் என்று பொருள்.

பங்குனி மாதத்தில் இங்கே நந்தி கல்யாணம் நடக்கும். "நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்" என்பது பழமொழி. கல்யாணம் ஆகவேண்டிய பிள்ளைகளைப் பெற்றோர் அழைத்து வருவார்கள். கல்யாணம் முடிந்தால் அடுத்த வேண்டுதல் என்ன? குழந்தைதான்.

குழந்தை பிறக்கிறது. ஆனால் உதடு பிளந்திருக்கிறது. வாயைத் திறந்து பார்த்தால் மேல் அன்னத்திலும் பிளவு! இத்தகைய வீடுகளில் பெரும்பாலும் எழும் முதல் கேள்வி எது?

"கிரகணத்தன்று இவள் வெளியே வந்தாளா? அரிவாள்மணையைத் தொட்டாளா?"

பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி கூனிக் குறுகிப் போகிறாள். குழந்தையின் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடி வைக்கிறாள்.

கிரகணமா காரணம்?

இல்லவே இல்லை. தாயின் வயிற்றில் கரு வளரும்போது, உதடும் அன்னமும் இரு பக்கங்களிலிருந்து வளர்ந்து வந்து, நடுவில் ஒட்டிக்கொள்கின்றன. உதடு ஏறக்குறைய 7-வது வாரத்துக்குள் கூடிவிடும். அன்னம் 12-வது வாரத்துக்குள் கூடிவிடும். அப்படிக் கூடாமல் நின்றுவிட்டால் பிளவு. வானத்து நிழலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

உலகில் ஏறத்தாழ 700 முதல் 1,000 குழந்தைகளில் ஒரு குழந்தை இப்படிப் பிறப்பதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. பெரும்பாலும், இதுதான் காரணம் என்று ஒன்றைக் காட்ட முடியாது. பரம்பரை ஒரு பங்கு. கர்ப்பிணி புகைப்பது ஒரு பங்கு. கட்டுக்கு அடங்காத சர்க்கரை வியாதியும், வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகளும் ஆபத்தை அதிகப்படுத்தும்.

எனவே சர்க்கரை வியாதியோ வலிப்போ உள்ள பெண், கரு உண்டாகும் முன்பே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். தேவையானால் டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுப்பார். தானாக மருந்தை நிறுத்தினால், வலிப்பு வந்து தாய்க்கும் ஆபத்து, சிசுவுக்கும் ஆபத்து.

பேராசிரியரான மாணவர்

1819-ம் ஆண்டு. பாரிஸ் நகரில் ஜான் ஸ்டீபன்சன் என்ற கனடா நாட்டு வைத்திய மாணவர் படித்துக்கொண்டிருந்தார். பிறவியிலேயே அவருக்கு அன்னத்தில் பிளவு. ரூ என்ற பிரெஞ்சு டாக்டர் அந்தப் பிளவைத் தைத்து மூடினார். மயக்க மருந்து பழக்கத்துக்கு வராத காலம் அது! மாணவர் விழித்தபடியே வலியைத் தாங்கினார்.

பலன்? அவருடைய பேச்சு தெளிந்தது. பிற்காலத்தில் அவர் மான்ட்ரியல் நகரில் வைத்தியக் கல்லூரி அமைத்தவர்களில் ஒருவரானார். பேராசிரியராகி, மாணவர்களுக்குப் பாடம் சொன்னார்.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. காசிக்குப் பக்கத்து மாவட்டமான மிர்சாபூரில், ஏழைக் குடும்பத்துச் சிறுமி பிங்கி. உதட்டுப் பிளவோடு பிறந்தவள். காசியில் டாக்டர் சுபோத் குமார் சிங் இலவசமாக ஆபரேஷன் செய்தார். அவள் கதை படமாகி, 2009-ல் ஆஸ்கார் பரிசு பெற்றது. 2013-ல் விம்பிள்டன் டென்னிஸ் இறுதி ஆட்டத்தில் நாணயம் சுண்டும் கௌரவம் பிங்கிக்குக் கிடைத்தது!

எந்த வயதில்?

உதட்டுப் பிளவைப் பொதுவாக 3 முதல் 6 மாதத்துக்குள் சரிசெய்கிறார்கள். அன்னப் பிளவை 9 முதல் 18 மாதத்துக்குள். ஏன் இந்த அவசரம்?

அன்னம் என்பது வாய்க்கும் மூக்குக்கும் நடுவே உள்ள சுவர். "ப", "ட", "க" என்று சொல்லும்போது அன்னத்தின் பின்பகுதி மேலே எழும்பி மூக்கின் வழியை அடைக்கிறது. சுவரில் பிளவு இருந்தால் காற்று மூக்கில் போய்விடும். குழந்தை பேசத் தொடங்கும் முன்பே சுவரை மூடிவிட வேண்டும். காலம் கடந்தால், பிளவை மூடினாலும் மூக்கால் பேசிய பழக்கம் லேசில் போகாது.

ஆபரேஷனில் டாக்டர் இரு பக்கத்துத் தசைகளையும் விடுவித்து, நடுவுக்கு இழுத்து, அடுக்கடுக்காகத் தைக்கிறார். அதற்குக் குழந்தை தேறியிருக்க வேண்டும். ரத்த சோகை, சளி, காய்ச்சல் கூடாது. இருதயக் கோளாறு உண்டா என்றும் பார்ப்பார்கள்.

அன்னப் பிளவுள்ள குழந்தையால் பெரும்பாலும் தாய்ப்பாலைச் சரியாக உறிஞ்ச முடியாது. பாலைப் பீய்ச்சி எடுத்துப் பாலாடையில் ஊட்டலாம். தலையை நிமிர்த்திப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். உதடு நன்றாக இருந்தும், பால் அடிக்கடி மூக்கு வழியே வந்தால், வாய்க்குள் வெளிச்சம் காட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே மறைந்திருக்கும் பிளவு அப்போது தெரியும்.

தையலோடு முடிந்ததா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஆபரேஷன் முடிந்தது, குழந்தை சிரித்தது, வேலை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள்.

அன்னப் பிளவுள்ள குழந்தைக்கு நடுக்காதில் நீர் கட்டும். கவனிக்காவிட்டால் காது மந்தமாகும். காது கேளாத பிள்ளைக்குப் பேச்சு எப்படி வரும்? சில பிள்ளைகளுக்குத் தைத்த இடத்தில் சிறு ஓட்டை விழும். சிலருக்கு மூக்கால் பேசுவது மாறாமல், மறு ஆபரேஷன் தேவைப்படும். பேச்சுப் பயிற்சி வேண்டும். பற்கள் கோணலாக முளைக்கும். ஈறில் பிளவு இருந்தால், 8 முதல் 11 வயதுக்குள் எலும்பு வைத்து அடைக்க வேண்டியிருக்கும்.

ஆகவே இது ஒருநாள் வியாதி அல்ல. சர்க்கரை வியாதியைப் போல, ஆண்டுக்கணக்கில் கவனிக்க வேண்டியது.

வசதி உண்டு, வழி?

பிறந்தது முதல் 18 வயது வரை உள்ளவர்களின் பிறவிக் குறைகளைக் கண்டறிய, மத்திய அரசாங்கம் 2013-ல் ஒரு திட்டம் தொடங்கியது. அங்கன்வாடிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் டாக்டர் குழு வந்து பார்ப்பது அதன் முறை. அன்னப் பிளவும் அந்தப் பட்டியலில் உண்டு. 2022 ஜனவரி 12-ந் தேதி அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. கொள்ளிடத்துக்குத் தெற்கே தஞ்சாவூரிலும் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

பின் எது தடை? ஆபரேஷனுக்குப் போவது ஒரு தடவை. அதற்குப் பிறகு காதுக்கும், பல்லுக்கும், பேச்சுக்கும் பல தடவை நடக்க வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் பஸ் செலவு. ஒரு நாள் கூலியும் போகும். விதைப்பும் அறுப்பும் உள்ள மாதத்தில் கூலிக்காரத் தாய் என்ன செய்வாள்? ஆபரேஷன் இலவசம் என்றாலும் அலைச்சல் இலவசம் அல்ல!

2021 ஆகஸ்டு 5-ந் தேதி தமிழ்நாட்டில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கியபோது, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்தன. நோயாளி போகாவிட்டால் வைத்தியம் வரட்டும் என்பது அதன் கருத்து. பெரியவர்களுக்குச் செய்ததைப் பிளவோடு பிறந்த பிள்ளைக்கும் செய்யலாம் அல்லவா? காது சோதனையும் பேச்சுப் பயிற்சியும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாதம் ஒருமுறை வந்தால் போதும். பாதியில் நிற்கும் பிள்ளைகள் குறைவார்கள்.

வைத்தியநாதரை வேண்டிக்கொள்ளுங்கள். கூடவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் கிளம்புங்கள். கிரகணம் எந்தத் தேதியில் வந்தது என்று தாயைக் கேட்காதீர்கள். அடுத்து எந்தத் தேதியில் வர வேண்டும் என்று டாக்டரைக் கேளுங்கள்!