வாயைத் திறக்காத ஆண்கள்

சென்ற ஆண்டின் இறுதியில் கும்பகோணத்தில் ஓர் இரங்கல் கூட்டத்துக்குப் போயிருந்தேன். இறந்தவர் எழுத்தாளர் அல்லர், வாசகர். நாற்பது ஆண்டுகளாகச் சிற்றிதழ்களுக்குச் சந்தா கட்டியவர். பழைய இதழ்களையெல்லாம் ஆண்டுவாரியாகப் பைண்டு செய்து வைத்திருந்தவர். எங்கள் மாதக் கூட்டங்களில் கடைசி நாற்காலியில் அமர்ந்து, எல்லோரும் பேசி முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார்; அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்காது. அறுபத்திரண்டு வயது. வாய்ப்புற்றுநோய். கூட்டம் கலைந்து புறப்படும்போது அவருடைய மனைவி என்னைத் தனியே அழைத்து, "உங்ககிட்டயாவது சொன்னாரா தம்பி?" என்று கேட்டார்.

என்னிடம் அவர் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடைசி இரண்டு ஆண்டுகளாகவே, கூட்டம் முடிந்து சாப்பிடப் போனால் அவர் குழம்பை ஒதுக்கிவிட்டுத் தயிர்சாதம் மட்டும் கேட்பார். "வயசாச்சு, காரம் ஒத்துக்கல" என்பார். இட்லியை மிகச் சிறிய விள்ளல்களாகப் பிட்டு உள்ளே தள்ளுவார். வாய் முழுதாகத் திறக்கவில்லை என்பதைக் கண் பார்த்தது; மனம் கேட்டுக்கொள்ளவில்லை. வெற்றிலை, சீவல், புகையிலை அடங்கிய சிறு பை அவர் மடியை விட்டு அகன்றதே கிடையாது. அதிலிருந்து நானும் பல மாலைகளில் வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது இன்னொன்று. நோய் தெரியவந்ததற்குப் பதினொரு மாதங்களுக்கு முன்புதான் அவர் 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' செய்துகொண்டிருந்தார். அறுபதாம் கல்யாணத்தை ஒட்டி மகள் கட்டிய பணம். ஒரு தனியார் மருத்துவமனை, வழவழப்பான கோப்பு. ரத்தம், சிறுநீர், ஈசிஜி, டிரெட்மில், வயிற்றுக்கு அல்ட்ராசவுண்ட், தைராய்டு, வைட்டமின் டி, புரோஸ்டேட் சுரப்பிக்கான பிஎஸ்ஏ. பக்கம் பக்கமாக எண்கள். கொழுப்பு சற்றே கூடுதல், மற்றபடி நலம் என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தது. காலை ஆறரை மணிக்கு வெறும் வயிற்றுடன் போய் மாலை நான்குவரை அங்கே இருந்த மனிதரிடம், வாயைத் திறந்து காட்டுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஆண்களுக்கான முன்தடுப்புப் பரிசோதனைகளைப் பற்றிப் பேசும்போது, 'ஆண்கள் பரிசோதனைக்கே போவதில்லை' என்ற புலம்பலோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். அது பாதி உண்மை. போகிறவர்களுக்கு எது செய்யப்படுகிறது, எது செய்யப்படுவதில்லை என்பது மறுபாதி. என் நண்பர் போனார். போயும் பயனில்லாமல் போயிற்று.

வாய்ப்புற்றுநோய் இந்திய ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய்களுள் ஒன்று. உள்ளுறுப்பில் மறைந்து வளரும் நோயன்று அது. பெரும்பாலும் கன்னத்தின் உட்புறத்திலோ, நாக்கின் ஓரத்திலோ, ஈறிலோ வெள்ளைத் திட்டாக, சிவந்த திட்டாக, ஆறாத புண்ணாகக் கண்ணுக்குத் தெரியும்படியே தொடங்குகிறது. காரம் பட்டால் எரிவதும், வாய் திறக்கும் அளவு சுருங்குவதும் பல சமயம் அதற்கும் முந்திய அறிகுறிகள். இவற்றைப் பார்க்க ஒரு டார்ச் விளக்கும் இரண்டு நிமிடமும் போதும்.

போதும் என்பது வெறும் நம்பிக்கையன்று. நமக்குப் பக்கத்திலேயே, திருவனந்தபுரம் மாவட்டத்தில், இதை முறைப்படி சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1996-இல் தொடங்கிய ஆய்வு. 13 பஞ்சாயத்துகளை எடுத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்குவதுபோல் அவற்றை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில், 35 வயதைக் கடந்தவர்களின் வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற ஊழியர்கள் சென்று வாயைப் பார்த்தார்கள். மற்றொரு பிரிவில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும். இரு பிரிவிலுமாக ஏறத்தாழ 1,90,000 பேர். வாயைப் பார்த்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பட்டம் படித்து, இதற்கென்றே பயிற்சி பெற்ற சாதாரண இளைஞர்கள். 2005-இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளிவந்தது. புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே, பரிசோதனை நடந்த பஞ்சாயத்துகளில் வாய்ப்புற்றுநோய் மரணங்கள் 34 சதவீதம் குறைந்திருந்தன. பழக்கமே இல்லாதவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோது பயன் அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை என்பதையும் அதே கட்டுரை மறைக்காமல் சொன்னது. அந்த நேர்மைதான் ஆய்வின் மீது எனக்கு நம்பிக்கையைக் கூட்டுகிறது. யாருக்குப் பயன் என்பதும் அதிலிருந்தே தெளிவாகிறது: என் நண்பரைப் போன்றவர்களுக்கு.

அந்த அறிவு ஏட்டோடும் நின்றுவிடவில்லை. முப்பது வயதைக் கடந்தவர்களுக்கு ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை ஆகியவற்றோடு வாய்ப் பரிசோதனையும் செய்யப்பட வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், முப்பதிலிருந்து நாற்பத்தொன்பது வயதுவரையிலான ஆண்களிடம், வாய்ப்புற்றுநோய்க்காக எப்போதாவது வாயைப் பரிசோதித்துக்கொண்டது உண்டா என்று கேட்டபோது, உண்டு என்றவர்கள் 1.2 சதவீதம். நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. டார்ச் விளக்கும் இரண்டு நிமிடமும் நம்மிடம் இல்லாமலா போயிற்று?

பேக்கேஜ் பரிசோதனையின் தர்க்கம் வேறு. எதற்கு ரசீது போட முடியுமோ அது பட்டியலில் ஏறுகிறது. கருவி செய்யும் சோதனைக்கு விலை உண்டு. ஒருவர் இன்னொருவரின் வாய்க்குள் குனிந்து பார்ப்பதற்கும், 'எத்தனை வருஷமாய்ப் புகையிலை போடுகிறீர்கள்?' என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதற்கும் விலை இல்லை. எனவே பட்டியல் நீள்கிறது, பார்வை குறைகிறது. நோய் அறிகுறி இல்லாதவர்களுக்குச் செய்யப்படும் பொதுவான உடல் பரிசோதனைகளைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் தொகுத்து, காக்ரேன் அமைப்பு 2012-இலும், பிறகு 2019-இலும் அறிக்கை வெளியிட்டது. அத்தகைய பரிசோதனைகளால் ஒட்டுமொத்த மரணம் குறைந்ததற்குச் சான்றில்லை என்பதே அதன் சாரம். அந்த ஆய்வுகள் நடந்த நாடுகளில் குடும்ப மருத்துவர்கள் ஏற்கெனவே ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் நிலை அதுவன்று. ஆனாலும் 'எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடலாம்' என்ற நினைப்புக்கு அந்த அறிக்கை ஒரு நல்ல கடிவாளம்.

நண்பரின் கோப்பில் பிஎஸ்ஏ இருந்தது என்றேன். அதன் கதையை ஆண்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். புரோஸ்டேட் சுரப்பிக்கு உரிய எதிர்ச்செனியை 1970-இல் கண்டறிந்து எழுதிய ரிச்சர்ட் ஆப்ளினே, நாற்பது ஆண்டுகள் கழித்து, 2010-இல், 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் அந்தச் சோதனையைக் கண்மூடித்தனமாகச் செய்வதைக் கடுமையாகச் சாடினார். காரணம் எளிது. சோதனையில் எண் கூடினால் பயாப்ஸி. பயாப்ஸியில் புற்று தெரிந்தால் அறுவை அல்லது கதிர்வீச்சு. அதன் பின்விளைவாகச் சிலருக்கு ஆயுள் முழுக்கச் சிறுநீர்க் கசிவு, ஆண்மைக் குறைவு. ஆனால் அந்தப் புற்றுகளில் பல, அந்த மனிதர் வேறொரு காரணத்தால் இறக்கும்வரை அவரை ஒன்றும் செய்யாமல் கிடந்திருக்கக்கூடியவை. அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2012-இல் இச்சோதனையே வேண்டாம் என்றது. 2018-இல், 55 முதல் 69 வயதுவரை உள்ளவர்கள் மருத்துவரிடம் நன்மை தீமைகளைப் பேசித் தாமே முடிவு செய்யலாம் என்று தளர்த்தியது.

பயனே இல்லையா என்றால், இருக்கிறது. ஐரோப்பிய நாடுகளில் 23 ஆண்டுகள் பின்தொடரப்பட்ட பெரிய ஆய்வின் முடிவு 2025-இல் வந்தது. புரோஸ்டேட் புற்று மரணங்கள் 13 சதவீதம் குறைந்தன. ஒரு மரணத்தைத் தவிர்க்க 456 பேரைப் பரிசோதனைக்கு அழைக்க வேண்டியிருந்தது. கூடுதலாகப் பன்னிரண்டு பேருக்குப் புற்று என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஒருவர் நானாக இருந்தால் சோதனை வரம். எஞ்சிய பதினொருவரில் ஒருவனாக இருந்தால்? இந்தக் கேள்வியை எதிரே அமர்ந்து ஒருவர் பேசிய பிறகே ஊசி குத்தப்பட வேண்டும். நண்பரின் ரத்தத்தை எடுத்தபோது யாரும் பேசவில்லை. அவருக்கு அந்த மூன்றெழுத்தின் பொருளே தெரியாது.

ஆக, பேச்சு தேவைப்பட்ட சோதனை பேச்சில்லாமல் நடந்தது. பார்வை மட்டுமே தேவைப்பட்ட சோதனை நடக்கவே இல்லை.

உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் இருவரும் 1968-இல் எழுதிய நூலில், ஒரு நோயைத் தேடிப் போவதற்குமுன் பார்க்க வேண்டியவை பத்து நெறிகளாகச் சொல்லப்பட்டன. நோய் முக்கியமானதா, தொடக்க நிலையில் பிடிபடுமா, பிடிபட்டால் சிகிச்சை உண்டா, அச்சோதனை மக்களுக்கு ஏற்புடையதா என்பன அவற்றுள் சில. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அவை பழையனவாகவில்லை. இங்கிலாந்தில் 65 வயதாகும் ஆண்களை ஒரே ஒரு முறை அழைத்து, வயிற்றுப் பெருந்தமனி வீங்கியிருக்கிறதா என்று ஒலியலைக் கருவியால் பார்க்கிறார்கள். அந்தத் தமனி வெடித்துத்தான் 1955-இல் ஐன்ஸ்டைன் இறந்தார். பெரும்பாலோருக்கு வீக்கம் இருக்காது. அத்தோடு சரி, மறுபடி அழைப்பில்லை. இன்னாருக்கு, இன்ன வயதில், இத்தனை முறை என்ற தெளிவுதான் நல்ல பரிசோதனையின் அடையாளம். அது நீளமான பட்டியலில் கிடைப்பதில்லை.

நம் ஊரில், முப்பதைக் கடந்த ஆணுக்கு அந்தத் தெளிவோடு சொல்லக்கூடியவை மிகச் சில: ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, வாய். மூன்றுமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்யக்கூடியவை. மற்றவை வயது, குடும்ப வரலாறு, பழக்கம் ஆகியவற்றைக் கேட்டு மருத்துவர் சொல்ல வேண்டியவை.

"தேடிப்போய் நோயை வாங்குவானேன்?" என்று கேட்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். பிஎஸ்ஏ விஷயத்தில் அவர்கள் பக்கம் ஓரளவு நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொண்டுவிட்டேன். வாயைப் பொறுத்தவரை அந்த நியாயம் செல்லாது. அங்கே நோயை நாம் தேடிப் போகவில்லை. அது தினமும் கண்ணாடியில் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இனி அந்த முதல் பாதிக்கு, அதாவது ஆண்களின் தயக்கத்துக்கு வருகிறேன். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. பெண் ஊழியர்கள் வீடு வீடாக வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். எங்கள் தெருவுக்கு அந்த அம்மாள் முற்பகலில் வருவார். ஆண்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். இருப்பவர்களும் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று செய்தித்தாளைத் தூக்கிப் பிடிப்பார்கள். இதை வெறும் ஆண்பிள்ளை வீம்பு என்று சொல்லிவிட முடியாது. கூலிக்காரருக்கு ஒரு நாள் மருத்துவமனை என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. அதைவிட ஆழமானது வேறொரு தயக்கம். ரத்தம் கொடுப்பதற்கு வெட்கமில்லை. பழக்கத்தை ஒப்புக்கொள்வதற்கு வெட்கம். வாயைத் திறந்தால் கறை தெரியும். கறையைக் கண்டால் கேள்வி வரும். கேள்வி வந்தால் மனைவிக்கும் மகளுக்கும் தெரிய வேண்டியிருக்கும். என் நண்பர் கன்னத்தின் உட்புறத் திட்டை ஓராண்டாக நாக்கால் தடவிக்கொண்டே இருந்ததாகக் கடைசியில் மனைவியிடம் எழுதிக் காட்டினாராம். அப்போது அவரால் பேச முடியவில்லை.

நாங்கள் கதைகளில் வரும் மனிதர்களின் சொல்லாத துயரங்களை மணிக்கணக்கில் பேசியவர்கள். ஒரு பாத்திரம் ஏன் அந்த இடத்தில் மௌனமாகிறது என்று சண்டை போட்டவர்கள். பக்கத்து இலையில் ஒருவர் காரத்தை ஏன் ஒதுக்குகிறார் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த அம்மாளின் கேள்விக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில், "சொல்லவில்லை அம்மா, நானும் கேட்கவில்லை" என்பதுதான். அன்று தலையை மட்டும் அசைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுவாரம் அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போனேன். வரிசையில் நாற்பது நிமிடம். என் மகள் வயதுள்ள மருத்துவர், "புகையிலை உண்டா சார்?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். அவர் எழுதப் போனார். "இருந்தது. எப்பவாவது. பத்து வருஷத்துக்கு மேல" என்று திருத்தினேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு டார்ச்சை எடுத்தார். நாக்கை நீட்டச் சொன்னார், கன்னத்தை விரலால் ஒதுக்கிப் பார்த்தார், மேலண்ணத்தைப் பார்த்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஒன்றுமில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள், புகையிலையைத் தொடாதீர்கள் என்றார். ரசீது எதுவும் இல்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் கடைசி நாற்காலி காலியாக இருந்தது. சாப்பிடும்போது எனக்கு எதிரே இருந்த இருவரிடமும் கேட்டேன். ஒருவர் சிரித்தார். மற்றவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்க போன இடம் எத்தனை மணிக்குத் திறக்கும்?" என்றார்.