காகித இறகும் மறைக்கப்பட்ட நிலமும்

நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை அமெரிக்காவில் நன்றியறிதல் நாள். அதற்கு முந்தைய வாரங்களில் அந்நாட்டின் தொடக்கப் பள்ளி வகுப்புகள் பலவற்றில் ஒரே வகையான கைவேலைகள் நடைபெறுகின்றன. குழந்தை தன் கையைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு வரைகிறது. கட்டைவிரல் வான்கோழியின் தலையாகிறது, ஏனைய விரல்கள் இறகுகளாகின்றன. வகுப்பில் பாதிப் பேர் கறுப்புத் தாள் தொப்பி அணிந்து 'யாத்திரிகர்' ஆகின்றனர். மறு பாதியினர் காகித இறகுகளை நெற்றியில் கட்டிச் 'செவ்விந்தியர்' ஆகின்றனர். இரு சாராரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்கின்றனர். வரலாற்றுப் பாடம் அத்துடன் முடிகிறது.

ஆறு வயதுக் குழந்தையின் கைவேலையிலுமா அரசியல் என்று சிலர் கேட்கக்கூடும். ஆளும் வர்க்கத்தின் கருத்தியல் அந்த வயதில்தான் எதிர்ப்பின்றி ஊன்றப்படுகிறது. வாதத்தின் வழி வந்த கருத்தை வாதத்தால் வெல்லலாம். மகிழ்ச்சியோடு கத்தரித்து ஒட்டிய கருத்தைப் பிற்காலத்தில் உரித்தெடுப்பது எளிதன்று.

அக்கைவேலை மறைப்பது எதை? 1620இல் மேஃபிளவர் கப்பலில் வந்தோர் குடியேறிய பிளிமத், வாம்பனோக் மக்களின் பட்டுக்செட் என்னும் ஊர். ஐரோப்பியர் வருகையோடு பரவிய கொள்ளைநோய் 1616க்கும் 1619க்கும் இடையில் அவ்வூரை அழித்திருந்தது. குடியேறிகளுக்கு மக்காச்சோளம் பயிரிடக் கற்பித்த டிஸ்குவாண்டம் அவ்வூர்க்காரர். 1614இல் ஆங்கிலேயக் கப்பல் தலைவன் ஒருவன் அவரைக் கடத்திச் சென்று ஸ்பெயினில் விற்றான். அவர் மீண்டு வந்தபோது ஊரே இல்லை.

1621 இலையுதிர்காலத்தில் விருந்து நடந்தது உண்மையே. தலைவர் மாசசாயிட்டுடன் சுமார் 90 பேர் வந்து மூன்று நாள் தங்கினர். ஐந்து மான்களை வேட்டையாடிக் கொணர்ந்தனர். இன்று குழந்தைகள் சூடும் இறகு முடியோ அவர்களுடையதே அன்று. நெடுந்தொலைவிலுள்ள பெருஞ்சமவெளி மக்களுடையது. எல்லாப் பூர்வகுடியினரையும் ஒரே காகித வார்ப்பில் அடைத்துவிட்டனர்.

விருந்துக்குப் பிந்தைய வரலாறு வகுப்பறைக்குள் நுழைவதில்லை. 1637இல் மிஸ்டிக் என்னுமிடத்தில் பீக்வாட் மக்களின் ஊரைக் குடியேறிகளின் படை தீயிட்டது; நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். நிலப்பறிப்பை எதிர்த்து 1675இல் போர் தொடுத்த மெட்டகாம், விருந்துக்கு வந்த அதே மாசசாயிட்டின் மகன். 1676இல் அவர் கொல்லப்பட்டார்; அவருடைய தலை பிளிமத்தில் கம்பத்தில் ஏற்றப்பட்டுப் பல்லாண்டுகள் காட்சிக்கு நின்றது. பிடிபட்டோர் பலர் மேற்கிந்தியத் தீவுகளுக்கு அடிமைகளாக விற்கப்பட்டனர்.

இந்நாளைத் தேசிய விழாவாக 1863இல் லிங்கன் அறிவித்தார். அவருடைய ஒப்புதலுடன் டகோட்டா மக்கள் 38 பேர் மன்கேட்டோவில் ஒரே நேரத்தில் தூக்கிலிடப்பட்டு அப்போது ஓராண்டுகூட நிறைவடையவில்லை. 1939இல் கிறிஸ்துமஸ் விற்பனைக் காலத்தை நீட்டிக்க வணிகர்கள் விரும்பியதால் ரூஸ்வெல்ட் விழாவை ஒரு வாரம் முன்னே நகர்த்தினார். நன்றிக்கான நாளைக்கூட மூலதனத்தின் நாட்காட்டிதான் குறித்தது.

1879இல் தொடங்கிய கார்லைல் உறைவிடப் பள்ளியில் பூர்வகுடிக் குழந்தைகளின் கூந்தல் வெட்டப்பட்டது, தாய்மொழி தடைசெய்யப்பட்டது. ஒரு வகுப்பறையில் மெய்யான அடையாளத்தைப் பறித்துவிட்டு, மற்றொரு வகுப்பறையில் அதன் காகிதப் போலியை வெள்ளைக் குழந்தைக்குச் சூட்டியது அதே கல்விமுறைதான்.

இது பழங்கதையும் அன்று. 1970இல் பிளிமத் விழாவில் பேச அழைக்கப்பட்ட வாம்பனோக் தலைவர் வாம்சுட்டா ஃபிராங்க் ஜேம்சின் உரை முன்கூட்டியே படிக்கப்பட்டு மறுக்கப்பட்டது. அன்று முதல் ஆண்டுதோறும் அதே நாளில் அங்கே தேசியத் துக்க நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. 2020 மார்ச்சில் மாஷ்பி வாம்பனோக் மக்களின் எஞ்சிய 321 ஏக்கர் நிலத்தின் பாதுகாப்பையும் நீக்க டிரம்ப் அரசு உத்தரவிட்டது; 2021 டிசம்பரில்தான் அந்நிலம் உறுதிசெய்யப்பட்டது. அதே 2020 நவம்பரில் 'தேசபக்திக் கல்வி'க்கென ஓர் ஆணையத்தை டிரம்ப் அமைத்தார். நிலத்தைப் பறிக்க முனைந்த கையே பாடநூலையும் திருத்த முனைந்தது.

குறைந்த ஊதியத்தில், சொந்தப் பணத்தில் வண்ணத்தாள் வாங்கும் ஆசிரியை நம் எதிரி அல்லர். கைவேலையும் குற்றமன்று. அதே குழந்தைகள் பட்டுக்செட்டின் வரைபடத்தைத் தீட்டலாம். வாம்பனோக் மக்களைப் போல மக்காச்சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் நட்டுப் பார்க்கலாம். அம்மக்கள் இன்றும் வாழ்கின்றனர் என்பதை அவர்கள் வாய்மொழியாகவே கேட்கலாம். 'இந்த நிலம் யாருடையது?' என்ற கேள்வியை ஆறு வயதுக் குழந்தையாலும் புரிந்துகொள்ள முடியும்.

பழந்தமிழில் நன்றி என்பதற்குப் பிறர் செய்த நன்மை என்றே பொருள். 'செய்ந்நன்றி அறிதல்' என்பது குறளின் ஓர் அதிகாரத் தலைப்பு. நன்மை செய்தவர் யார், அவருக்கு நாம் திருப்பிச் செய்தது என்ன என்று அறியாமல் நன்றியறிதல் இல்லை. அந்த அறிவை அகற்றிவிட்டு நன்றியை மட்டும் கற்பிக்கும் வகுப்பறை, பறித்தவனுக்கு நற்சான்று எழுதவே குழந்தையின் கையைப் பழக்குகிறது.