குவித்து வைத்த கழிவுக்குக் கணக்கு எங்கே?



ஆலைக் கழிவு என்றாலே குழாய் வழியா ஓடி வரும் தண்ணீரைத்தான் நாம் பார்க்கிறோம். வாய்க்காலில் நுரை தெரிந்தால் கூட்டம் கூடுகிறோம், மனு கொடுக்கிறோம். அது சரிதான். ஆனால் காம்பவுண்டு சுவருக்கு உள்ளே ஒரு மூலையில் குவித்தும், தொட்டியில் தேக்கியும் வைத்திருக்கும் கசடை யாரும் கேட்பதில்லை. கேட்டால், "தற்காலிகமா வெச்சிருக்கோம், சீக்கிரம் அனுப்பிடுவோம்" என்கிறார்கள். அந்தத் தற்காலிகம் எத்தனை நாள்? இதுதான் நம் கேள்வி.

ராணிப்பேட்டையில் ஒரு குரோமேட் ஆலையை 1990-களின் நடுவில் மூடிவிட்டுப் போனார்கள். இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் கழிவு வெட்டவெளியில் கிடந்தது. அதில் இருப்பது தண்ணீரில் கரையும் வகைக் குரோமியம், புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. பெய்த மழையெல்லாம் அதைக் கரைத்து நிலத்தடி நீரில் இறக்கியது. ஆலை மூடி இருபத்தைந்து வருஷம் ஆன பிறகும் குவியல் அங்கேயே கிடந்தது. மழை விட்டும் தூவானம் விடலேன்னு சொல்வது இதைத்தான்.

அதே ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில், 2015 ஜனவரி 31 அன்று தோல் கழிவுநீர்ப் பொது சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கசடுக்குள் சிக்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்தக் கசடும் "அனுப்பிடுவோம்" என்று தேக்கி வைத்ததுதான்!

போபாலைப் பாருங்கள். 1984-ல் விஷவாயு கசிந்த ஆலையில் கிடந்த 337 டன் கழிவை 2025 ஜனவரியில்தான் அங்கிருந்து பீதம்பூருக்கு எடுத்துப் போனார்கள். நாற்பது வருஷம்! போன இடத்திலும் மக்கள் எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள். நாள் கடந்த கழிவை எந்த ஊரும் ஏற்காது. கடைசியில் அது கிடக்கும் ஊர்தான் சுமக்க வேண்டும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி, ஆலைக்குள் 90 நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. அதற்கு மேல் வைக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வேண்டும். பதிவேடு வைக்க வேண்டும். சேதம் வந்தால் ஆலைக்காரரே பொறுப்பு. என்ன கழிவு, எவ்வளவு என்பதை ஆலை வாசலில் பலகையில் எழுத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2003-லேயே உத்தரவிட்டது. நம் பக்கத்து ஆலை வாசலில் அப்படி ஒரு பலகையைப் பார்த்தவர் யார்?

நெல் மூட்டையைக்கூட நாம் வெறும் தரையில் அடுக்குவதில்லை. கீழே கட்டை போடுகிறோம், மேலே தார்ப்பாய் போர்த்துகிறோம். நெல்லுக்கே இவ்வளவு என்றால், விஷத்துக்கு எவ்வளவு வேண்டும்?

"இப்படிக் கேட்டா ஆலை மூடிடும், வேலை போயிடும்" என்று பயமுறுத்துகிறார்கள். நாம் ஆலையை மூடச் சொல்லவில்லை. கழிவை மூடி வை, கணக்குக் காட்டு என்கிறோம். கூரைக்கும் தளத்துக்கும் ஆகும் செலவை மிச்சம் பிடித்து, அதை நம் கிணற்றில் இறக்காதே என்கிறோம்.

நம் கோரிக்கைகள்:

1. கழிவு வைக்கும் இடத்துக்குக் கூரை, நீர் இறங்காத தளம், சுற்றிலும் தடுப்புச் சுவர் வேண்டும்.
2. ஒரு வகைக் கழிவோடு இன்னொன்றைக் கலக்கக் கூடாது. ஒழுகாத கலனில், பெயர் எழுதி வைக்க வேண்டும்.
3. 90 நாள் கணக்கு வாசல் பலகையில் தமிழில் தெரிய வேண்டும்.
4. சுற்றியுள்ள கிணறுகளின் நீரை மழைக்கு முன்னும் பின்னும் சோதித்து, முடிவை ஊராட்சியில் ஒட்ட வேண்டும்.
5. மூடும் ஆலை, கழிவை அகற்றிய பிறகே வெளியேற வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. "பள்ளத்தை மேடாக்க மண்ணு சும்மா தர்றோம்" என்று லாரியில் கொண்டு வந்தால் வாங்காதீர்கள். எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். ஒரு லோடு இறங்கிவிட்டால் நிலம் போச்சு.

அடுத்த கிராம சபையில் தீர்மானம் போடுவோம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, எந்த ஆலையில் எவ்வளவு கழிவு, எத்தனை நாளாக என்று கேட்போம். வரும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குக் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்து வாருங்கள். கலெக்டர் மேஜையில் வைத்துப் பதில் கேட்போம்.

திரண்டு வாரீர்!