லிஸ் சொன்ன முதல் கதைதான் ஜெயிக்கிறது

'தி ஹோல்' என்று பேச்செடுத்தாலே போதும், கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். "முதல் அரை மணி நேரம் ஸ்கூல் காதல் சீரியல் மாதிரி இருக்கு. பேயும் இல்ல பிசாசும் இல்ல, இதுக்குப் பேரு ஹாரரா?" என்பது ஒரு கட்சி. "லிஸ் மாதிரி ஒரு சைக்கோ ஹீரோயின் வந்ததே இல்ல, செம மாஸ்" என்பது இன்னொரு கட்சி. வருஷக்கணக்காக இந்தச் சண்டை இப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு இரண்டு கட்சி மேலும் கோபம். திட்டுகிறவர்களும் சரி, கொண்டாடுகிறவர்களும் சரி, படம் யாரைக் குறிவைக்கிறது என்பதைக் கவனிக்கவே இல்லை.

நான் பேசுவது 2001-இல் வந்த பிரிட்டிஷ் படத்தைப் பற்றி. நிக் ஹாம் இயக்கியது. (2009-இல் ஜோ டான்டே இதே பெயரில் எடுத்தது வேறு படம். அதைப் பார்த்துவிட்டு இதைத் திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களை விட்டுவிடுவோம்.) முடிவைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றி உருப்படியாக எதுவும் பேச முடியாது. ஆகவே ஸ்பாய்லர் பயம் உள்ளவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வரவும்.

வசதியானவர்கள் படிக்கும் தனியார் பள்ளி. அங்கே படிக்கும் நான்கு பேர் கல்விச் சுற்றுலாவுக்கு மட்டம் போட்டுவிட்டு, காட்டுக்குள் இருக்கும் பழைய போர்க்காலப் பதுங்குகுழி ஒன்றில் பார்ட்டி கொண்டாட இறங்குகிறார்கள். 18 நாள் கழித்து லிஸ் மட்டும் உயிரோடு வெளியே வருகிறாள். ஃபிராங்கி, ஜெஃப், மைக் மூன்று பேரும் பிணம். பிலிப்பா என்ற உளவியல் மருத்துவர் லிஸ்ஸிடம் பேச்சுக் கொடுத்து உண்மையை வரவழைக்கப் பார்க்கிறார்.

லிஸ் சொல்லும் முதல் கதை இது. மார்ட்டின் என்று ஒருவன். யாரோடும் ஒட்டாதவன், அவள்மேல் ஒருதலைக் காதல் கொண்டவன். குழியை ஏற்பாடு செய்ததும் அவன், வெளியிலிருந்து பூட்டியதும் அவன், மைக் வைத்து ஒட்டுக்கேட்டதும் அவன். உள்ளே இருந்தவர்கள் சாமர்த்தியமாக ஒரு நாடகம் ஆடி அவனை ஏமாற்றுகிறார்கள், கதவு திறக்கிறது, எல்லோரும் வெளியே வருகிறார்கள். கூடவே ஒரு காதலும் பூக்கிறது. கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. மூன்று பிணங்களை மட்டும் காணோம்.

"கிளிஷே" என்று திட்டுகிறவர்கள் சுட்டிக்காட்டுவது இந்தப் பகுதியைத்தான். அய்யா, கிளிஷேதான்! அதை யார் இல்லை என்றது? 1996-இல் 'ஸ்க்ரீம்' வந்தபிறகு டீன் ஏஜ் ஹாரர் படங்கள் வரிசைகட்டி நின்ற காலம் அது. ஏங்கித் திரியும் விசித்திரமான பையன்தான் வில்லன் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். லிஸ்ஸுக்கும் மனப்பாடம். பெரியவர்கள் எந்தக் கதையைக் கேட்டால் உடனே தலையாட்டுவார்கள் என்று தெரிந்து அதையே எடுத்துக் கொடுக்கிறாள். அந்தக் கதை தேய்ந்த கதையாக இருப்பதுதான் அதன் பலம்.

அடுத்து மார்ட்டினின் வாய் வழியாக வேறொரு கதை வருகிறது. அதில் அவனுக்கும் குழிக்கும் சம்பந்தமே இல்லை, எல்லாம் லிஸ்ஸின் திட்டம். அதற்கும் பிறகு குழிக்குள்ளேயே பிலிப்பாவை வைத்துக்கொண்டு லிஸ் மூன்றாவது கதையைச் சொல்கிறாள். சாவி ஆரம்பத்திலிருந்தே அவளிடம்தான் இருந்தது. மைக் தன்னைக் காதலிக்க வேண்டும், அதற்கு அவகாசம் வேண்டும், அவ்வளவுதான் காரணம். ஃபிராங்கி இதயம் நின்று சாகிறாள். ஜெஃப் ஒளித்துவைத்திருந்த ஒரு கோக் டின்னுக்காக மைக் அவனை அடித்தே கொல்கிறான். சாவியைப் பார்த்ததும் மைக்குக்கு எல்லாம் புரிகிறது. துரத்தி ஏறும்போது ஏணி உடைந்து அவனும் விழுந்து சாகிறான்.

அந்தக் கோக் டின் காட்சியைப் பார்த்த பிறகும் "பயமே வரல" என்று சொல்கிறவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

விமர்சனம் எழுதுகிறவர்கள் இங்கே 'ரஷோமோன்' என்ற பெயரை இழுத்துவிடுகிறார்கள். அது சோம்பேறித்தனம். குரோசாவாவின் 1950 படத்தில் சொல்கிறவர்கள் பல பேர், ஒவ்வொருவருக்கும் காப்பாற்றிக்கொள்ள ஒரு மானம் இருக்கிறது. இங்கே குழிக்குள் நடந்ததைச் சொல்ல உயிரோடு இருப்பது ஒரே ஒருத்தி. 'இதுதான் உண்மை' என்று நாம் முடிவுகட்டிக்கொள்ளும் மூன்றாவது கதைகூட அவள் சொன்னதுதான். கை பர்ட்டின் நாவலில் இருந்த சந்தேகத்தைப் படம் துடைத்துவிட்டது என்று வருத்தப்படும் வாசகர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். நாவல் சந்தேகத்தை வாசகனின் தலையில் ஏற்றிவிட்டுப் போகிறது. படம் வேறொரு கொடுமையைச் செய்கிறது. பிலிப்பாவுக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது, ஆனால் அவர் சொல்வதைக் கேட்க ஆளில்லை.

இப்போது அந்த 'செம மாஸ்' கட்சிக்கு வருகிறேன். லிஸ்ஸை ராணி மாதிரி கொண்டாடுகிறீர்களே, அவள் ஜெயித்தது எதனால்? மூளையாலா? அவள் திட்டமே பல்லிளித்துவிட்டது. காதலிக்க வைக்க நினைத்த பையன் பிணம், கூட இருந்த தோழியும் பிணம். அவளைக் காப்பாற்றியது அவளுடைய சாமர்த்தியம் இல்லை, எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் ஆசை. நல்ல பள்ளியில் படிக்கும், நடுங்கிக்கொண்டே பேசும் ஒரு பெண் பாதிக்கப்பட்டவளாகத்தான் இருக்க வேண்டும், ஒட்டாத பையன் குற்றவாளியாகத்தான் இருக்க வேண்டும் என்கிற ஆசை. போலீஸுக்கு அது இருந்தது. முதல் அரை மணி நேரம் நமக்கும் இருந்தது. இதைக் கவனிக்காமல் அவளை 'மாஸ்டர்மைண்ட்' ஆக்குகிறவர்கள், ஏமாந்தவர்களுக்குக் கௌரவமான ஒரு சாக்கு தேடித் தருகிறார்கள். பெரிய புத்திசாலியிடம்தானே ஏமாந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம், பாருங்கள்.

குறையே இல்லாத படம் என்று நான் வாதாட வரவில்லை. பிலிப்பா பாத்திரத்தை அரைகுறையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். எம்பெத் டேவிட்ஸ் மாதிரி ஒரு நடிகையை உட்காரவைத்துக் கேள்வி மட்டும் கேட்க விட்டிருக்கிறார்கள். போலீஸ் விசாரணைக் காட்சிகளில் டிவி சீரியல் வாடை அடிக்கிறது. அமெரிக்கரான தோரா பர்ச்சின் பிரிட்டிஷ் உச்சரிப்பைக் கிண்டல் செய்கிறவர்களோடும் நான் சண்டைக்குப் போகப் போவதில்லை. ஆனால் கிளின்ட் மான்செல்லின் இசையை ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு, 'அட்மாஸ்ஃபியரே இல்லை' என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

திட்டுகிறவர்கள் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் திரும்பப் பார்த்தால் போதும். மார்ட்டினைப் போலீஸ் பிடித்து, விசாரித்து, விட்டுவிடுகிறது. சட்டப்படி அவன் தப்பித்துவிட்டான். லிஸ் அவனைக் கொல்கிறாள். உடல் ஆற்றில் கிடைக்கிறது. சட்டைப்பையில் குழியின் சாவி. அவ்வளவுதான், கேஸ் முடிந்தது. மூன்றாவது கதையைக் கேட்டது பிலிப்பா ஒருவர்தான், நிரூபிக்க அவர் கையில் ஒன்றுமில்லை. நாம் கொட்டாவி விட்டுக்கொண்டு பார்த்தோமே ஒரு முதல் கதை, போலீஸ் ஃபைலில் ஏறப்போவது அதுதான். இப்போது அதற்குச் சாட்சியாக ஒரு சாவியும் இருக்கிறது.