அரியானாவில் மெகாபோட் முட்டையிடாது

நிக்கோபார் மெகாபோட் தன் முட்டைமேல் அமர்ந்து அடைகாப்பதில்லை. கடலோரக் காட்டில் மணலையும் உதிர்ந்த இலைகளையும் மேடாகக் குவித்து, அதனுள் முட்டையைப் புதைக்கும். மக்கும் இலைகளின் வெப்பமே குஞ்சு பொரிக்கும். நிக்கோபார் தீவுகளன்றி உலகில் வேறெங்கும் வாழாத இப்பறவை, 2004 ஆழிப்பேரலையில் தன் கூட்டுமேடுகளில் பெரும்பகுதியை இழந்தது.

அது கூடமைக்கும் கலத்தியா விரிகுடாவின் சரணாலயத் தகுதி 2021-இல் நீக்கப்பட்டது. அங்கே துறைமுகம் வரவிருக்கிறது. திட்டத்துக்கு ஒதுக்கிய ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காட்டுக்கு ஈடாக அரியானாவில் மரம் நடுவார்களாம்! பரப்பளவுக் கணக்கு நேராகலாம். கடலோர மணலும் அதன்மேல் உதிரும் இலையும் அரியானாவில் ஏது? ‘ஈடுசெய் காடு வளர்ப்பு’ என்னும் சொல்லை ஆய்வாளர்களாகிய நாமே மறுப்பின்றிக் கையாள்கிறோம். என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலிலும் அது இருக்கிறது. இன்று அடித்துவிட்டேன்.