பாட்டியின் தாயார் பெயர் என்ன?

கீழ்வேளூரில் இரயிலை விட்டிறங்கி, கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஏதாவதொரு பழைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "உங்கள் பாட்டனார் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் பெயர், அவருடைய பாட்டனார் பெயர், எத்தனை வேலி நிலம், எந்த வழக்கில் ஜெயித்தார் என்பதெல்லாம் மூச்சுவிடாமல் வரும். "பாட்டியின் தாயார் பெயர் என்ன?" என்றால் ஆண்பிள்ளைகள் தலையைச் சொறிவார்கள். உள்ளே அடுப்பங்கரையிலிருக்கும் வயதான அம்மாளுக்குத் தெரியும், சொல்லமாட்டார். பல வீடுகளில் இது வெறும் மறதி. சில வீடுகளிலோ பூட்டு. அதாவது, பொட்டுக் கட்டப்பட்ட பெண் பாட்டியாகவோ கொள்ளுப்பாட்டியாகவோ இருந்த வீடுகள். அவற்றைப் பற்றியே இங்கு பேசுகின்றோம்.

கீழ்வேளூர்ச் சாமிக்குக் கேடிலியப்பர் என்று பெயர். கேடில்லாதவராம்! சாமிக்குக் கேடில்லை, வாஸ்தவந்தான். இத்தஞ்சைச் சீமையில் சாமி பெயரால் கழுத்தில் பொட்டுக் கட்டப்பட்ட சிறு பெண்களுக்கல்லவா கேடு! இராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 400 தளிச்சேரிப் பெண்களைக் கொண்டுவந்து, ஆளுக்கு வருஷம் 100 கலம் நெல் ஏற்படுத்தி, அவர்கள் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தான். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய அப்பெயர்கள் இன்றும் கல்லில் இருக்கின்றன. அறுபது எழுபது வருஷத்துக்குமுன் இறந்த கொள்ளுப்பாட்டியின் பெயரோ வீட்டில் இல்லை. பெண் பார்க்க வருகின்றார்கள் என்றால் அவள் படத்தை ஆணியிலிருந்து கழற்றிப் பரணில் போட்டுவிடுகின்றார்கள்.

பெற்றவள் தன் மகளை எப்படிக் கொடுத்தாள்? "அது அவர்கள் குலதர்மம், அவர்கள் இஷ்டம்" என்பார்கள் வைதிகர்கள். இஷ்டமாவது, மண்ணாவது! சங்கதி நிலத்தில் இருக்கின்றது. அது கோயில் ஊழியத்துக்கு விட்ட மானியம். ஊழியத்துக்கு ஒருத்தி இல்லையென்றால் நிலம் போய்க் குடும்பம் தெருவில் நிற்கும். ஆகவே ஒரு பெண்ணின் கழுத்தைக் கொடுத்து மற்றவர் வயிற்றைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. கொடுத்தவளும் அப்படிக் கொடுக்கப்பட்டவளே. யாரிடம் சொல்லி அழுவாள்? மகளிடம் சொன்னால் மகள் மறுப்பாள். மறுத்தால் நிலம் போகும். தாய் விழுங்கியதை மகளும், மகள் விழுங்கியதைப் பேத்தியும் விழுங்கினார்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முயற்சியால், ஊழியம் செய்யாமலே அந்நிலத்தை அனுபவிக்கலாம் என்று 1929-ல் சட்டம் வந்தது. 1947-ல் பொட்டுக் கட்டுவதே குற்றமாயிற்று. இவ்வொழிப்பு முயற்சியை எதிர்த்தவர்களில் அக்குலப் பெண்களும் இருந்தார்கள். நிலமும் போய்க் கலையும் போனால் கஞ்சிக்கு என்ன வழி என்ற அவர்களுடைய பயத்தை நாம் ஏளனம் செய்யமாட்டோம்.

ஆண்பிள்ளைக்கு இதில் ஏதாவது இரகசியம் உண்டா? மிராசுதார் பட்டப்பகலில் வண்டி கட்டிக்கொண்டு போனார். அது அவருக்குப் பெருமை. பிறந்த குழந்தைக்குத் தகப்பன் பெயரைச் சொல்லக்கூடாது என்பது மாத்திரமே இரகசியம். அதையும் காப்பாற்ற வேண்டியவள் தாய்தான்! அனுபவித்தது ஒருவர், அவமானம் இன்னொருவருக்கு. இதற்குப் பெயர் குடும்ப கௌரவமாம்!

இந்தப் பூட்டை உடைத்தவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் (1883–1962). பத்து ரூபாய்க்கும் ஒரு பழம் புடவைக்கும் தாம் விற்கப்பட்டதை அவர் மறைத்தாரில்லை. 1936-ல் "தாசிகள் மோசவலை" என்ற நாவலையும் எழுதி வெளியிட்டார். பின்னாளில் சர்க்கார் செய்த வேடிக்கையைக் கேளுங்கள். 1989-ல் அவர் பெயரால் ஏழைப் பெண்களுக்குக் கலியாண உதவி ஏற்படுத்தினார்கள். 2011 முதல் தாலிக்கு 4 கிராம் தங்கமும் சேர்த்தார்கள். பொட்டை அறுக்கச் சொன்னவர் பெயரால் தாலிக்குத் தங்கம்! 2022-ல்தான் அது சர்க்கார் பள்ளியில் படித்த பெண்களின் மேற்படிப்புக்கு மாதம் 1000 ரூபாய் என்று மாறிற்று. இது அம்மையாருக்குத் தகும்.

"வெளியில் தெரிந்தால் மானம் போய்விடும்" என்று இன்றும் சொல்லும் தோழர்களைக் கேட்கின்றோம்: யாருடைய மானம்? பொட்டுக் கட்டிய குருக்களின் மானமா, வண்டியில் வந்த மிராசுதாரின் மானமா? பரணிலிருக்கும் படத்தை இறக்கித் துடையுங்கள். உள்ளேயிருக்கும் அம்மாளிடம் பெயரைக் கேட்டு அடியில் எழுதி, பெண் பார்க்க வருகின்றவர் கண்ணில் படும்படி கூடத்தில் மாட்டுங்கள். அதைப் பார்த்து எழுந்து போகின்றவன் போகட்டும்.